லினக்ஸோட பேசுங்களா?

கோயமுத்தூர்க்காரர்களின் மரியாதையைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாகப் பேசுகிறார்கள். அந்த மரியாதையால் நொந்துபோனவர்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நான் நொந்துபோனவன். ஒரே ஒரு 'ங்க'வைத் தப்பாகக் காதில் வாங்கியதால், வீட்டுக்கு வரவேண்டிய மனைவியின் வரவைத் தள்ளிப்போட்டவன். இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அப்போது நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருந்தேன். ஒரு பொருளை நாலு இடத்தில் விசாரித்து வாங்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம். (இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். அங்கே யாருக்கும் வாசிக்கும் பழக்கம் இல்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.)

பிருந்தாவுக்கும் எனக்கும் கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியாத நேரம். அவள் யானை ஆராய்ச்சி செய்கிறவள். யானைகளைப் பார்ப்பதல்ல, கேட்பது. நம் காதுக்கு எட்டாத அளவுக்குத் தாழ்ந்த குரலில் யானைகள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளுமாம். கூட்டத்தை விட்டு விலகிப்போன யானை மலைக்கு அந்தப் பக்கம் நின்று முனகினால், இந்தப் பக்கம் நிற்கும் யானை காதை விரித்துக் கேட்குமாம். பெண் பார்க்கப் போன அன்று எங்களைத் தனியாகப் பேசவிட்ட சிறிது நேரமும் இதைத்தான் சொன்னாள். என்னைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் அங்கேயே விழுந்துவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு தொண்டாமுத்தூரில் எங்கள் தோட்டத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து மரங்களில் ஒலிப்பதிவுக் கருவிகளைக் கட்டி ஒரு பருவம் முழுக்கப் பதிவு செய்தாள். நாங்கள் ஒன்றாக இருந்தது அந்த ஒரு பருவம்தான். பிறகு ஆய்வேட்டை எழுதுவதற்காக வடக்கே, டெல்லிக்கும் அப்பால் இருக்கும் தன் ஆய்வு நிறுவனத்துக்குப் போய்விட்டாள். போகும்போது பதிவுகள் நிறைந்த ஹார்ட் டிஸ்க்குகளையும், தானே பாகம் பாகமாக வாங்கிக் கோத்த ஒரு கம்ப்யூட்டரையும் எங்கள் அறையில் விட்டுவிட்டுப் போனாள். அவளுடைய நிறுவனத்தில் பெரிய கம்ப்யூட்டர் உண்டு, ஆனால் அதற்கு ஏகப்பட்ட பேர் வரிசையில் நின்றார்கள். அதனால் மழைச்சத்தம், தவளைச்சத்தம், கோயில் மைக்செட், எங்கள் அப்பாவின் டிராக்டர் எல்லாவற்றிலிருந்தும் யானைக்குரலைப் பிரித்தெடுக்கும் வேலை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் தலையில் விழுந்தது.

அதில் இருந்தது லினக்ஸ். மற்ற கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் இருக்கிற இடத்தில் இதில் லினக்ஸ். காசு கிடையாது, ஆனால் கௌரவம் பார்க்கும். அதோடு பழகத் தெரிந்தவள் அவள். அவள் போனில் எழுத்து எழுத்தாகச் சொல்வதைத் தட்டத் தெரிந்தவன் நான். அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு என் அலுவலகத்தில் "நாங்க ஊட்டுல லினக்ஸ்தானுங்க" என்று சொல்லித் திரிந்தேன்.

"ராத்திரி பகல் ஓடுனாத்தான் சில வாரத்துல முடியுமுங்க," என்றாள் பிருந்தா. "முடிஞ்ச அன்னிக்கே எங்க சாருகிட்டக் காட்டிட்டு அடுத்த வண்டி ஏறிருவேன். அவரு லீவு தர்றேன்னு சொல்லிட்டாரு."

அடுத்த வண்டி என்ற வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அவள் சொன்னதைத்தான் நான் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணுதான். நம்மூருல காத்தடிச்சாக் கரண்ட் போயிரும். ஒழுங்கா அணைச்சா, விட்ட எடத்துலிருந்து தொடருமுங்க. பொசுக்குன்னு நின்னுபோச்சுன்னா, முன்னால எப்பவோ சேமிச்சதும் உதவாது, மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். அதனால நல்ல யுபிஎஸ் ஒண்ணு வாங்குங்க. சும்மா பேட்டரி இருந்தாப் பத்தாது. லினக்ஸோட பேசற யுபிஎஸ்ஸா இருக்கோணும்."

பக்கத்தில் இருந்த அப்பா, "யுபிஎஸ்ஸா? அதான் நம்மூட்டுல மாடிப்படிக்கு அடியில இருக்குதே," என்றார். எங்கள் பக்கத்தில் இன்வெர்ட்டரையும் யுபிஎஸ் என்றுதான் சொல்வோம். கரண்ட் போனால் அது ஒரு சிமிட்டல் நேரம் யோசித்துவிட்டு வேலையை எடுத்துக்கொள்ளும். அந்தச் சிமிட்டலை ஃபேன் பொருட்படுத்தாது, கம்ப்யூட்டர் பொருட்படுத்தும். எனவே தனியாக ஒன்று வேண்டும். அது ஒரு வயர் வழியாகக் கம்ப்யூட்டரிடம், 'கரண்ட் போய்விட்டது, என்னிடம் இவ்வளவுதான் மிச்சம்' என்று சொல்லவேண்டும். உடனே கம்ப்யூட்டர் வேலையைப் பத்திரமாக மூடிவைத்துவிட்டுத் தானாகப் படுத்துக்கொள்ளும். பேசுவது என்றால் அவ்வளவுதான். இதெல்லாம் எனக்கு நன்றாகவே புரிந்தது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

காந்திபுரத்தில் டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சலீம் பாய் கடையின் நம்பரை ஒரு நண்பன் கொடுத்தான். போன் செய்தேன். அந்தப் பக்கம் பஸ் ஹாரன்களுக்கு நடுவே ஒரு குரல் கேட்டது.

"ஏனுங்க, யுபிஎஸ் இருக்குங்களா?"

"இருக்குங்க."

"லினக்ஸோட பேசுங்களா?"

ஒரு சின்னத் தயக்கம். பிறகு, "பேசுங்க," என்றார்.

"நல்லாப் பேசுங்களா?"

"அதுக்கென்னுங்க, நல்லாப் பேசுங்க."

"கரண்ட் போனாலும் பேசுங்களா?"

"கரண்ட் போனா என்னுங்க, தாராளமாப் பேசுங்க."

அவர் மேற்கொண்டு என்னவோ சொன்னார். 'இருங்க' என்பது மட்டும் காதில் விழுந்தது, மீதியை ஒரு ஹாரன் விழுங்கிவிட்டது. நான் இருக்கவில்லை. வேலை முடிந்தது என்று வைத்துவிட்டேன். இவ்வளவு எளிதாக ஒரு கொள்முதலை நான் கம்பெனியில்கூட முடித்ததில்லை.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். சலீம் பாய் வெள்ளைத் தாடியும் மூக்குக்கண்ணாடியுமாக, மூன்று வாடிக்கையாளர்களுக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். "நாந்தானுங்க, போன்ல லினக்ஸ் கேட்டது," என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"நீங்கதானுங்களா? லினக்ஸு பத்திக் கவலையே படாதீங்க. சொன்ன பேச்சுக் கேக்கும். எந்த வேலை குடுத்தாலும் செஞ்சுபோடும். என்ன, அப்பப்பப் பாதியில தூங்கிப்போடும். ஒரு தட்டுத் தட்டுனா எந்திரிச்சுக்கும்."

எனக்கு மெய்சிலிர்த்தது. காந்திபுரத்துச் சந்தில் லினக்ஸை இவ்வளவு நெருக்கமாகத் தெரிந்த ஒருவர்.

"ரொம்ப நாளா வெச்சிருக்கீங்களா?" என்றேன்.

"கடை ஆரம்பிச்சதுல இருந்துங்க. மாத்தோணும்னே தோணுனதில்ல."

அதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது? அவர் எடுத்துவைத்த பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், கவிழ்த்துப் பார்த்தேன். பம்ப்செட்டுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்தேன். பின்பக்கம் டெலிபோன் வயர் மாட்டுகிற மாதிரி ஒரு ஓட்டை இருந்தது. பேசுவதற்குத்தானே என்று நினைத்துக்கொண்டேன். (டெலிபோன் லைன் வழியாக இடி வந்து தாக்காமல் இருப்பதற்கான ஓட்டை அது என்று பிற்பாடு தெரிந்தது. அதற்கும் கம்ப்யூட்டருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.)

வீட்டுக்கு வந்து ஒரு பழைய டெலிபோன் வயரை எடுத்தேன். ஒரு முனையை யுபிஎஸ் ஓட்டையில் சொருகினேன். கம்ப்யூட்டருக்குப் பின்னால் அதைவிடக் கொஞ்சம் அகலமாக ஓர் ஓட்டை இருந்தது. அதில் மறுமுனையைச் சொருகினேன். லேசாக ஆடியது, ஆனால் நின்றது.

"வயர் மாட்டிட்டீங்களா?" என்று போனில் கேட்டாள் பிருந்தா.

"மாட்டிட்டேன் அம்மணி."

அவள் சொன்னதைத் தட்டினேன். திரையில் நாலைந்து வரிகள் வந்தன.

"பேட்டரின்னு ஏதாச்சும் தெரியுதுங்களா?"

"தெரியுது. நூறு சதவீதம்."

"அப்பாடா," என்றாள். அந்த அப்பாடாவில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு ஒரு சின்ன நிரலைச் சொல்லச் சொல்லத் தட்டினேன். பேட்டரி இருபதுக்குக் கீழே போனால் எல்லாவற்றையும் சேமித்துவிட்டு அணைந்துவிடு என்று அதற்கு அர்த்தம். பெரிய வேலையை ஓடவிட்டோம். திரையின் ஓரத்தில் 'பூஜ்யம் சதவீதம்' என்று வந்து நின்றது. "இனி நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்க," என்றாள். என்னையும் யுபிஎஸ்ஸையும்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு ஒரு மாதிரி ஆகிறது. வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்தத் திரையின் முன்னால் போய் நிற்பேன். எண் மிக மெதுவாக ஏறும். வெறும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், அதை ரயில் பாதையாக மாற்றிக்கொண்டேன். பூஜ்யம் என்றால் டெல்லி, நூறு என்றால் கோயமுத்தூர். எண் ஏற ஏறப் பிருந்தா ஆக்ரா தாண்டினாள், போபால் தாண்டினாள். இது எப்படியோ அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது.

"புள்ள எங்க வந்துருக்குது?" என்பார் சாப்பிடும்போது.

"நாக்பூருங்கப்பா."

"அங்க வெயிலு கொளுத்துமே," என்று கவலைப்படுவார்.

கட்டிலில் அவள் படுக்கும் பக்கத்தில் துவைத்த துணிகளை அடுக்கி வைத்திருந்தேன், காலியாகத் தெரியக்கூடாது என்பதற்காக. சில சமயம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவளுடைய பதிவுகளைக் கேட்பேன். யானைக்காக அல்ல. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அவள் குரல் இருக்கும். எந்த மரம், எந்த நாள் என்று சொல்லிவிட்டு, காலடிச் சத்தத்தோடு விலகிப்போகும்போது, காட்டைப் பார்த்து, "சரி, நான் போறேன். நீங்க பேசுங்க," என்பாள். அந்த இடம் வரைக்கும் கேட்டுவிட்டு அடுத்த பதிவுக்குப் போவேன். அதற்கப்புறம் வரும் மழையும் தவளையும் எனக்கு எதற்கு?

ஒருநாள் ஒரு சம்பவம் நடந்தது. விஜயவாடா தாண்டியிருந்த சமயம். சாயங்காலம் வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. கரண்ட் இருந்தது, போகவே இல்லை என்றார் அப்பா. பதறிப்போய் இயக்கினேன். விட்ட இடத்திலிருந்து அழகாகத் தொடர்ந்தது. ஆக, பத்திரமாக மூடிவைத்துவிட்டுத்தான் படுத்திருக்கிறது. யுபிஎஸ் எதையோ முன்கூட்டியே மோப்பம் பிடித்து எச்சரித்திருக்கிறது என்று முடிவுகட்டினேன். அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டி மெச்சினேன். அதே நாளில் வயர் இல்லாத மவுஸும் வேலை செய்யவில்லை. அதற்குப் புது பேட்டரி போட்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிருந்தா கம்ப்யூட்டரில் திருப்பூரைத் தாண்டிய ஞாயிற்றுக்கிழமை, அந்தியூரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்து இறங்கினார்கள். மகள் வருகிறாள் என்ற சந்தோஷத்தில் பலகாரப் பாத்திரங்களோடு வந்திருந்தார்கள். மாமனார் மாடு கன்று வாங்கி விற்பவர். சாப்பிட்டு முடித்து எங்கள் அறைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையின் முன் உட்கார்ந்தார்.

"இதுலயா எம்புள்ள வருது?"

"திருப்பூர் தாண்டிருச்சுங்க சம்பந்தி," என்றார் அப்பா பெருமையாக. "அநேகமா சூலூர்கிட்ட வந்துருக்கும்."

மாமனார் ஜன்னல் வழியாகத் தென்னைகளைப் பார்த்தார். மட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன. "காத்து ஒரு மாதிரி அடிக்குதுங்களே மாப்ள. இப்பக் கரண்ட் கிரண்ட் போச்சுன்னா?"

இந்தக் கேள்விக்கு 'ஒன்றும் ஆகாதுங்க மாமா' என்று சொல்லியிருந்தால் போதும். வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும். ஆனால் எனக்கு ஒரு சபை கிடைத்துவிட்டது. அவர்கள் மகளை நான் எவ்வளவு பத்திரமாகக் கூட்டிவருகிறேன் என்பதைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் எப்போது வரும்?

"இப்பப் பாருங்க மாமா," என்று சொல்லி, சுவரிலிருந்த யுபிஎஸ்ஸின் பிளக்கில் கைவைத்தேன்.

"வேண்டாமுங்க மாப்ள," என்றார் மாமியார். "ஓடறத எதுக்குத் தொடோணும்?"

பிடுங்கினேன். யுபிஎஸ் 'கீக்' என்றது. சற்று இடைவெளி விட்டு மறுபடி 'கீக்'.

"கேட்டீங்களா? பேசுது," என்றேன். "கரண்ட் போயிருச்சுன்னு லினக்ஸ்கிட்டச் சொல்லுது. கொஞ்ச நேரத்துல லினக்ஸ் எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டுத் தானாப் படுத்துக்கும்."

எல்லோரும் காத்திருந்தோம். மாமியார் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் எந்தக் கவலையும் இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. கீக் கீக் என்பது கொஞ்சம் அவசரமாயிற்று.

"மாப்ள, கத்துதுங்களே. மாட்டிப்போடலாங்களா?"

"இருங்க மாமா. பேசி முடிக்கட்டும்."

கீக் கீக் கீக் என்று இடைவிடாமல் ஆகி, கடைசியில் ஒரே நீளமான கூவலாயிற்று. எங்கள் வீட்டு நாய் வெளியிலிருந்து பதில் குரல் கொடுத்தது. நான் திரையைப் பார்த்துப் புன்னகைத்தபடியே நின்றேன். அந்தப் புன்னகையோடுதான் 'படக்'கென்று திரை கறுத்தது.

தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கூடத்தில் டிவி பாடிக்கொண்டிருந்தது. வீடு முழுக்கக் கரண்ட் இருந்தது. ஊர் முழுக்க இருந்தது. அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் இல்லை, அதுவும் நான் பிடுங்கியதால் இல்லை.

பிளக்கை மாட்டி இயக்கினேன். ஓரத்தில் எண் வந்தது. பூஜ்யம். அப்பாதான் மெதுவாகக் கேட்டார்.

"டெல்லியா சாமி?"

"டெல்லிங்கப்பா."

பிருந்தாவுக்குப் போன் செய்தேன். எடுத்ததும், "எவ்வளவுங்க ஆயிருக்குது?" என்று ஆசையாகக் கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பக்கம் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"என்னாச்சுங்க? பேசுங்க," என்றாள். பிறகு, இன்னும் சன்னமாக, "ஏதாச்சும் பேசுங்க."

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. "நான் பெட்டியெல்லாம் கட்டி வெச்சுட்டேனுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அத்தனை தூரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம். அவள் இல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை என்பதை அதுவரை நான் அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். அவளும் சொன்னாள்.

பிறகு அவளுக்குள் இருந்த ஆராய்ச்சிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இப்ப பேட்டரி எத்தனைன்னு பாருங்க."

பார்த்தேன். "தொண்ணூத்தெட்டு."

"இப்பத்தான தீந்துபோச்சு. எப்படிங்க தொண்ணூத்தெட்டு இருக்கும்? அந்த வரிக்கு மேல ஒரு பேரு போட்டிருக்கும், அதைப் படிங்க."

எழுத்து எழுத்தாகப் படித்தேன். "எம். ஓ. யு. எஸ். ஈ."

போனில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். கட்டாகவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அழுகையை முடிக்காமலேயே சிரிப்புக்கு மாறியிருந்தாள்.

"மவுஸுங்க. இத்தனை நாளா மவுஸோட பேட்டரியப் பாத்துட்டு இருந்திருக்குது. யுபிஎஸ் ஒரு வார்த்தை பேசலை. பேரென்னன்னு கேக்காம விட்டது என்ர தப்பு."

அன்றைக்குத் தானாக அணைந்த மர்மமும் துலங்கியது. மவுஸின் பேட்டரி தீர்ந்ததும், உலகமே இருட்டிவிட்டது என்று நினைத்து லினக்ஸ் எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டுப் படுத்திருக்கிறது. சொன்னதைச் சரியாகத்தான் செய்திருக்கிறது பாவம்.

மறுநாள் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, யுபிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டு சலீம் பாய் கடைக்குச் சண்டைக்குப் போனேன். மாமனாரும் கூடவே வந்தார்.

"லினக்ஸோட பேசுங்களான்னு கேட்டேன். பேசுங்கன்னு சொன்னீங்களே பாய். ஒரு வார்த்தை பேசலீங்க."

பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பேசுங்கன்னுதானுங்க சொன்னேன். நீங்கதான் பேசாம போனை வெச்சுப்போட்டீங்க. கடைக்கு வந்தப்பவும் பேசலை. சங்கடமா இருந்துச்சு, அதுவும் கேட்டுட்டே இருந்துச்சு."

"எது கேட்டுட்டே இருந்துச்சு?"

பாய் பின்பக்கம் திரும்பி, அட்டைப்பெட்டிகள் மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். பெரிய மீசையோடு ஓர் ஆள் எழுந்து நின்றார்.

"இவருதானுங்க லிங்கேஸ்," என்றார் பாய். "சர்வீஸ் பாக்கறவரு. லிங்கேசோட பேசோணும்னுதான போன் பண்ணுனீங்க?"

எங்கள் ஊரில் 'பேசும்' என்பதோடு மரியாதைக்கு ஒரு 'ங்க' சேர்த்தாலும் பேசுங்க. 'பேசுங்கள்' என்று ஒருவரை உபசரித்தாலும் பேசுங்க. நான் பெட்டியைப் பற்றிக் கேட்டேன், அவர் ஆளைப் பற்றிச் சொன்னார். ஹாரன் சத்தத்தில் என் 'லினக்ஸோட பேசுங்களா' அவர் காதில் 'லிங்கேசோட பேசலாங்களா' என்று விழுந்திருக்கிறது, அவர் சொன்ன லிங்கேசு எனக்கு லினக்ஸாகவே கேட்டிருக்கிறது. சொன்ன பேச்சுக் கேட்கும், பாதியில் தூங்கிப்போடும், ஒரு தட்டுத் தட்டினால் எழுந்துகொள்ளும் என்பதெல்லாம் லிங்கேஸைப் பற்றி. எங்களைவிட இளையவர்களைப் பிரியமாக 'அது' என்று சொல்கிற வழக்கமும் சேர்ந்து என்னைக் கவிழ்த்துவிட்டது. கரண்ட் போனாலும் பேசுமா என்று நான் கேட்டதற்கு, இந்தாள் எதற்கு இவ்வளவு தயங்குகிறார் என்று பாய் நினைத்தாராம்.

லிங்கேஸ் தூக்கம் கலைந்த முகத்தோடு கைகூப்பினார். "சொல்லுங்க. என்ன பேசோணுங்க?"

நான் யுபிஎஸ்ஸைக் கீழே வைத்துவிட்டுப் பதிலுக்குக் கைகூப்பினேன். மாமனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அந்தியூருச் சந்தையில நாங்க மாட்டுப் பல்லப் புடிச்சுப் பாக்காம கயித்த வாங்க மாட்டோமுங்க மாப்ள," என்றார்.

அதையேதான் பிருந்தாவும் வேறு வார்த்தையில் சொன்னாள். கடைக்காரரிடம் கேட்கவேண்டாம், கம்ப்யூட்டரையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், மாட்டிப் பார்த்து வாங்குங்கள் என்று. வீட்டுக்குத் திரும்பிப் போய்க் கம்ப்யூட்டரைக் காரில் ஏற்றினோம். மாமனார் மானிட்டரைக் கன்றுக்குட்டியைப் போல மடியில் அணைத்துக்கொண்டு வந்தார். கடையில் ஒரு மேஜையை ஒழித்துக் கொடுத்தார்கள். போனில் பிருந்தா, ஸ்பீக்கரில்.

பின்பக்கம் யுபிஎஸ்பி ஓட்டை இல்லாததையெல்லாம், (யுஎஸ்பி என்றுதான் எழுதவேண்டும், இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் குழறுகிறது) மாமனாரே கழித்துக்கட்டினார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, "இதுக்கு வாயே இல்லீங்க பாய்," என்று ஒதுக்கினார். வாய் இருந்த சிலவற்றை மாட்டினோம். சில, தங்கள் கம்பெனி கொடுக்கும் விண்டோஸ் மென்பொருளோடு மட்டும்தான் பேசுவேன் என்று அடம்பிடித்தன. லினக்ஸ் தன் பாஷைகளில் எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அசையவில்லை. பாய் சலிக்காமல் அடுத்த பெட்டியைப் பிரித்தார். கடைக்கு வந்தவர்கள் யுபிஎஸ் பேசுவதைப் பார்க்க நின்றுவிட்டார்கள்.

கடைசியில் ஒன்று பேசியது. திரையில் இரண்டே எழுத்து வந்தது. ஓ, எல். கரண்டில் இருக்கிறேன் என்று அர்த்தம்.

"பேரப் படிங்க," என்றாள் பிருந்தா உடனே. படித்தேன். அந்தப் பெட்டியின் மேல் இருந்த பேரேதான். "பிளக்கைப் புடுங்குங்க." என் கை போகவில்லை. மாமனார்தான் பிடுங்கினார். திரையில் ஓ, எல் மறைந்து ஓ, பி என்று வந்தது. பேட்டரிக்கு மாறிவிட்டேன் என்று சொல்கிறது. சொன்ன அளவுக்குப் பேட்டரி இறங்கும்வரை அத்தனை பேரும் மூச்சுவிடாமல் நின்றோம். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டு, அமைதியாகத் தானே படுத்துக்கொண்டது. பாய் எல்லோருக்கும் டீ சொன்னார்.

மறுபடி டெல்லியிலிருந்து தொடங்கினோம். இந்த முறை அப்பா ஊர்ப்பெயர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எண் ஏறுவதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தோம். அவள் குரலை மட்டும் பழையபடி கேட்டுக்கொண்டிருந்தேன். ஈரோட்டை நெருங்கிய ஒரு சாயங்காலம், மேற்குத் தோட்டத்துக்கு இறங்கிய யானை ஒன்று தென்னை ஒன்றை லைன் மேல் சாய்த்துவிட்டது. கரண்ட் போயிற்று, ராத்திரிக்குள் இன்வெர்ட்டரும் தீர்ந்துபோயிற்று. நான் அறைக்கு ஓடினேன். கீக் என்ற சத்தம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றேன். யுபிஎஸ் சொன்னது, லினக்ஸ் கேட்டுக்கொண்டது. திரை மெதுவாக அணைந்தது. யாரை அவள் இத்தனை நாள் ஒட்டுக்கேட்டாளோ அவர்களே வந்து சோதித்துவிட்டுப் போனார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் லைனைச் சரிசெய்ததும் இயக்கினேன். ஈரோட்டிலிருந்தே கிளம்பியது. அப்பா அப்போதுதான் வாய் திறந்தார்.

"ஈரோட்டுல எஞ்சின் மாத்திருப்பாங்களாட்டம்."

அவள் வந்தாள். நிஜ ரயிலில், நிஜப் பெட்டிகளோடு வந்தாள். பிளாட்பாரத்தில் இறங்கி என்னைப் பார்த்ததும் ஒரு பெட்டியை என் கையில் கொடுத்தாள். சொல்லவேண்டியதையெல்லாம் போனிலேயே அழுது தீர்த்துவிட்டிருந்தோம்.

இப்போதும் அவளுடைய வேலை வருடத்தில் பாதி வடக்கேதான். அந்தப் பாதி வருடம் கட்டிலில் அவள் படுக்கும் பக்கத்தில் நான் துணி அடுக்குகிறேன். மாமனார் வீட்டில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், "திருப்பூர் வரைக்கும் வந்த புள்ளயத் திருப்பி டெல்லிக்கு அனுப்புன மாப்ள இவருதானுங்க," என்றுதான் என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். சலீம் பாய் கடையில் லிங்கேஸை எல்லோரும் இப்போது லினக்ஸ் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அவருக்கு அதில் வருத்தமில்லை, இன்னும் பாதியில் தூங்குகிறார்.

ஒவ்வொரு முறை அவள் வரும்போதும் நான் சீக்கிரமே ஸ்டேஷனுக்குப் போய்விடுவேன். ரயில் திருப்பூரில் நிற்கும்போது தவறாமல் போன் வரும்.

"திருப்பூர் வந்துட்டேனுங்க," என்பாள். "வந்து சேர்ற வரைக்கும் எதையும் தொட்டுப்போடாதீங்க."

"தொடலை அம்மணி," என்பேன். பிளாட்பாரத்தில் கையைக் கட்டிக்கொண்டு, எதன் மேலும் சாயாமல் நிற்கிறேன்.